தாளின் பதினோராவது வரி

பிழையொன்று பிடிபட்டதும் அவருடைய முகம் மலர்வதைப் போல, நல்ல செய்தி கேட்டவர்களின் முகம்கூட மலர்ந்து நான் கண்டதில்லை. அந்தப் பிழை பிறருடையதா, தம்முடையதா என்ற வேறுபாடு அவருக்கு இருக்கவில்லை. தம்முடையதாக இருந்தால் மகிழ்ச்சி சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மனிதர்கள் பொதுவாகப் பிழையைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்கள். அவர் எழுந்து நின்று இரு கைகளையும் ஒரு தடவை தட்டுவார். பிறகு செருப்பு காலில் ஏறுமுன்பே நடக்கத் தொடங்கிவிடுவார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அறிக்கைகளில் அவர் இட்ட கையெழுத்து ஓரெழுத்தும் அதன்பின் ஒரு நீண்ட கோடுமாக இருந்தது. கோட்டிலிருந்து பெயரைப் படித்தெடுக்க, இத்தனை நூல்களைப் படித்தும் எனக்கு இயலவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ‘ஊதுற மிஸ்’ என்றே அழைத்தார்கள். பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைந்ததும் ஒரு சிறிய வைத்திய நிலையம் இருந்தது. அதன் பின்னறையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, வயிற்று நோயாளர்களை ஊதச் செய்து அவர்களுடைய மூச்சிலுள்ள வாயுவை அளப்பது அவருடைய வேலை.

அந்த அறைக்கு என்னை இட்டுச்சென்றது என் தம்பியின் வயிறு.

தம்பி சங்கு குளிப்பவன். நாங்கள் போரில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் பிறந்து, கற்பிட்டிக் கடலில், சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சுப் பிடித்து இறங்கப் பழகியவன். எங்கள் ஊரான சிலாவத்துறைக்குத் திரும்பி வந்தபின், அவனளவு நேரம் நீருக்குள் நிற்கக்கூடியவர்கள் எங்கள் கரையில் ஒருசிலரே என்று சொல்வார்கள். ஒரு பருவத்தில், அவனோடு ஒரே வள்ளத்தில் போன கூட்டாளி உயிரோடு மேலே வரவில்லை. அதற்குப் பிறகு தம்பிக்கு வயிறு ஊதத் தொடங்கிற்று. இரண்டு பாகம், அதாவது இரண்டாள் ஆழம் இறங்குமுன்னே குடலை முறுக்கும் வலி வர, மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பான். வள்ளத்தில் இருந்தவர்கள் முதலில் இரங்கினார்கள். பிறகு, “தண்ணியக் கண்டால் இவருக்குப் பிள்ளைவலி” என்றார்கள். அவன் கடலுக்குப் போவதை நிறுத்தினான்.

இரத்தம் பார்த்தோம், ஸ்கான் எடுத்தோம். எதிலும் குறையில்லை. வாரத்தில் இரண்டு நாள் கொழும்பிலிருந்து வந்துபோகும் வயிற்று வைத்தியர், மூச்சுச் சோதனையையும் ஒருமுறை செய்து பார்க்கலாம் என்றார். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் இது மனப்பயம்தான் என்றும் சொன்னார். பேருந்தில் திரும்பி வரும்போது தம்பி அக்காவான என்னிடம், “எனக்குப் பயமா ராத்தா?” என்று கேட்டான். நான் முசலிப் பகுதியில் ஒரு பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். எந்தக் கேள்விக்கும் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டப் பழகிய எனக்கு, அன்று நீட்ட வைத்தியர் தந்த சோதனைத் துண்டுதான் இருந்தது.

சோதனைக்குப் போன காலையில் அந்த அறையில் எங்களையும் சேர்த்து மூன்று குடும்பங்கள் இருந்தோம். ஊதுற மிஸ் எல்லாரையும் சுவரோரக் கதிரைகளில் இருத்திவிட்டு, நாங்கள் கேளாமலே விளக்கத் தொடங்கினார். ஒரு நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. ஆனால் அன்றுதான் தாமே முதன்முதலாக அறிந்துகொண்டவர் போல் சொன்னார்.

“எங்கட உடம்பு இந்த ஐதரசன் வாயுவைச் செய்யாது. ஒரு மயிரளவுகூடச் செய்யாது. குடலுக்குள்ள இருக்கிற கிருமியள்தான் செய்யும். நான் தாற பால்சீனித் தண்ணி, அதான் பாலில இருக்கிற சீனி, மேல்குடலில சமிச்சால், கீழ இருக்கிற கிருமியளுக்கு ஒண்டும் கிடையாது. சமிக்காமல் கீழ போச்செண்டால், அதுகளுக்குக் கந்தூரி.” முஸ்லிம்களான எங்களைப் பார்த்துத்தான் விருந்தைக் கந்தூரி என்றார்; பக்கத்தில் இருந்த கத்தோலிக்கப் பெண்ணிடம் திரும்பி, “பெருநாள் எண்டு வையுங்கோவன் அக்கா” என்றார். “அந்தக் கந்தூரிப் புகை ரத்தத்தில ஏறி, நெஞ்சுக்கு வந்து, வாயால வெளியில வரும். நான் வாசல்ல நிண்டு பிடிக்கிறன். வாய் மறைக்கும், மூச்சு மறைக்காது.”

குடலின் இருட்டுக்குள் நடக்கும் விருந்தை வாசலில் நின்று அறிந்துகொள்ளலாம் என்பதை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. கையில் இருந்த புத்தகத்தை நான் அன்று திறக்கவேயில்லை.

எங்களுக்கு முன்கூட்டியே ஒரு தாள் தந்திருந்தார். சோதனைக்கு எப்படி வரவேண்டும் என்ற ஒழுங்குகள் அதில் இருந்தன. முதல் ஆறு வரிகள் அச்சில் இருந்தன. பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு, புகைக்க வேண்டாம் என்பவை போல. அதற்குக் கீழே மூன்று வரிகள் அவருடைய கையெழுத்தில் இருந்தன. ஒன்பதாம் வரி, ‘காத்திருக்கும்போது நித்திரை கொள்ள வேண்டாம், கண்ணை மூடி யோசிப்பதாகச் சொல்லவும் வேண்டாம்’ என்றது. அதை வாசித்து நான் சிரித்ததைக் கண்டதும் அவர் அருகில் வந்துவிட்டார்.

“அது கொண்டச்சி ஊர் ஐயா ஒராள். மூண்டு மணித்தியாலத்தில ரெண்டை நித்திரையில போக்கிப்போட்டார். நித்திரையில மூச்சு மாறும், வாயு கூடும். எனக்கு அது முன்னம் தெரியாது. அவரால பிடிச்சன்.” பிறகு தாளைத் தொட்டுக் காட்டினார். “எழுதின வரி எல்லாத்துக்கும் ஒவ்வொரு சொந்தக்காரர் இருக்கினம்.”

பத்தாம் வரியின் சொந்தக்காரியை நான் என் கண்ணாலேயே கண்டேன். எங்கள் பக்கத்தில் இருந்த அதே கத்தோலிக்கப் பெண்தான். தீவில் மீன் விற்பவர். பால்சீனித் தண்ணீரைக் குடிக்குமுன் ஊதிய முதல் ஊதலிலேயே கருவி இருபத்துநான்கு காட்டிற்று. ஒன்றுமே உண்ணாதவருக்கு அது பத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மிஸ் எழுந்து நின்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அந்தப் பெண். மிஸ் நான்கு விதமாகக் கேட்டார்; நான்குக்கும் அதே பதில். ஐந்தாம் தடவையில் அந்தப் பெண் கண் கலங்கி, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“காலமை பூசைக்குப் போனனான் மிஸ். நன்மை எடுத்தனான். அது சாப்பாடோ?”

பூசையில் குருவானவர் நாவில் வைக்கும் அப்பத்தைத்தான் சொன்னார். அதை உணவென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உணவல்ல என்று சொல்லவும் மனம் துணியவில்லை. அறை முழுவதும் மிஸ்ஸின் பதிலுக்காகக் காத்திருந்தது.

“ஆண்டவரால வயிறு ஊதாது அக்கா. அவ்வளவு சின்ன அப்பத்துக்கு மெசின் இப்பிடிக் கத்தாது. நேற்றுப் பின்னேரம் என்ன?”

முதல்நாள் மாலை ஒடியல் கூழ். அதுவும் இரண்டு கோப்பை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு முந்தியதுதான். ஆனால் பனங்கிழங்கின் நார், கிருமிகளுக்கு விடிய விடிய விருந்து வைத்திருக்கிறது. மிஸ் கைதட்டினார். “கூழ்! நான் தாளில பருப்பை மட்டுமெல்லோ போட்டனான்!” உடனே பேனாவை எடுத்துப் பத்தாம் வரியை எழுதினார்: முதல்நாள் வெள்ளைச் சோறும் மீனும் மட்டும், ஒடியல் கூழ், கிழங்கு வேண்டாம், நன்மை எடுத்தால் கேளாமலே சொல்லலாம், குற்றமில்லை.

அந்தப் பெண்ணுக்கு அதில் என்ன மகிழ்ச்சி இருந்திருக்க முடியும்? ஒரு நாள் வியாபாரத்தை விட்டு வந்தவர். இன்னொரு நாள் திரும்ப வரவேண்டும். “உங்களுக்குச் சிரிப்பு, எனக்கு வயித்து நோ” என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். மிஸ்ஸின் முகம் சுருங்கிற்று. செருப்பைத் தேடாமலே, தம் மதியச் சோற்றுப் பொதியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிப்போய் அவரிடம் ஏதோ சொன்னார். திரும்பி வரும்போது அந்தப் பொதி கையில் இருக்கவில்லை. அவருடைய உற்சாகம் மற்றவரின் வலியை மிதித்துக்கொண்டு போய்விடுமோ என்ற சிறு சஞ்சலம் எனக்கு அன்றே உண்டாயிற்று. அதை அவரும் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

தம்பியின் முறை ஒழுங்காக நடந்தது. முதல் ஊதல் மூன்று. பால்சீனித் தண்ணீரைக் குடித்தான். அரை மணிக்கொருமுறை ஊதினான்: நான்கு, மூன்று, நான்கு, நான்கு. இரண்டாவது மணித்தியாலத்தில் அவன் வயிற்றை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு குனிந்தான். நெற்றி வியர்த்தது. மிஸ் அவனையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். எண் அசையவில்லை. அறிக்கையின் ஓரத்தில் ‘வலி’ என்று சிறிதாக எழுதினார். கீழே ‘சாதாரணம்’ என்று பெரிதாக எழுதி, ஓரெழுத்தும் நீண்ட கோடுமாகக் கையெழுத்திட்டார். மூச்சு மறைக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி இருந்தது.

வைத்தியர் மனப்பயம் என்று எழுதிவிட்டார். ஊரில் அது ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்தது. எங்களைப் பெற்ற உம்மா ஓதிப் பார்த்தார். பயம் தெளியட்டும் என்று கூட்டாளி இறந்த நாள்தொட்டுக் காலையும் மாலையும் கொடுத்துவந்த பசும்பாலில் இன்னும் ஒரு கோப்பையைக் கூட்டினார். தம்பி தன் நீர்க்கண்ணாடியையும் கால்துடுப்புகளையும் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். கட்டாருக்குப் போய்க் கட்டட வேலை பார்க்கப்போவதாகச் சொன்னான். வலியைக்கூட அவன் பொறுத்திருப்பான். தான் கோழை என்பதைத் தானே நம்பத் தொடங்கியிருந்தான். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் கூட்டமாக வரும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு நடுவே, ஒரு செருப்பு காலிலும் மற்றது கையிலுமாக, சேலையின் கீழ்க்கரை முழுவதும் கடல் மணலோடு, ஊதுற மிஸ் வந்துகொண்டிருந்தார். பக்கத்து ஊர்க் கோவிலில் உறவினர் குழந்தையொன்றின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர், பூசை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்திருக்கிறார். கரையோரத்து வள்ளத்திலிருந்து சங்குக்கு இறங்குபவர்களைக் கண்டிருக்கிறார். ஞானஸ்நான விருந்தை அப்படியே விட்டுவிட்டு, “புத்தகம் வாசிக்கிற அக்காவின்ர தம்பி வீடு எது?” என்று சிலாவத்துறை முழுவதும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

முற்றத்தில் நின்றபடியே தம்பியைப் பார்த்துச் சொன்னார். “தம்பி, நான் பிழை விட்டிட்டன்.”

அவருடைய முகம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பிழை விட்டதுக்கு ஆராவது சிரிப்பினமா பிள்ளை?”

“பிழை எங்க இருக்கெண்டு தெரிஞ்சிட்டுதெல்லோ உம்மா. இவ்வளவு நாளும் அது எங்கயோ ஒளிச்சிருந்தது.”

கதிரை கொடுத்தும் அவர் இருக்கவில்லை. தம்பியிடம், கடலில் இறங்குமுன் என்ன செய்வாய் என்று கேட்டார். அவன் விளங்காமல் விழித்தான். செய்து காட்டச் சொன்னார். அவன் நெஞ்சை நிமிர்த்தி, ஆறேழு தடவை ஆழமாகவும் விரைவாகவும் மூச்சை வாங்கி விட்டு, வாங்கி விட்டு, கடைசி மூச்சை நிறைத்துப் பிடித்தான். எங்கள் கரையில் மூச்சுப் பிடித்துக் குளிக்கும் எவனும் அப்படித்தான் செய்வான்.

“இதைத்தான் இவர் அண்டைக்கு என்ர கதிரையில இருந்து செய்தவர். ஒவ்வொரு முறையும் ஊத முன்னம். நான் கண்டனான். நல்ல பிள்ளை, ஆயத்தம் எடுக்குது எண்டு நினைச்சனான்.” தம் நெற்றியில் கையால் ஒன்று போட்டார். “இப்பிடி மூச்சை இறைச்சால் நெஞ்சில இருக்கிற வாயு முழுக்கக் கழுவுப்பட்டுப் போகும். பிறகு மெசினுக்கு என்னத்தைக் காட்டிறது? வீட்டைக் கூட்டிக் கழுவிப்போட்டு வாசலைத் திறந்து விட்டிருக்கிறார்.”

தம்பி தலைகுனிந்தான். “எனக்குத் தெரியாது மிஸ். மூச்செடுத்து ஊதச் சொன்னால் அப்பிடித்தான் வரும்.”

“உங்களுக்கு ஏன் தெரியோணும்? எனக்கெல்லோ தெரிஞ்சிருக்கோணும்.”

இரண்டாவது சோதனைக்குப் போனபோது புதிய தொல்லையொன்று இருந்தது. செய்யாதே என்று எண்ணியவுடனேயே அவனுடைய நெஞ்சு தானாக நிமிர்ந்தது. பத்து வருடப் பழக்கம் கதிரையில் இருப்பதையும் வள்ளத்தின் விளிம்பில் இருப்பதையும் பிரித்தறியவில்லை. மிஸ் அறையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு என் கையிலிருந்த வாரப் பத்திரிகையைக் கண்டார். மணமகள், மணமகன் தேவை விளம்பரங்களை உரக்க வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். நற்குணமும் நிறமும் உயரமும் கொண்ட வரன்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தம்பியின் கருத்தை மிஸ் கேட்டார். தம் கருத்தையும் சொன்னார். “இந்தப் பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமாம். உங்களுக்குத் தெரியுமோ?” அவன் மீன் ஆணக்குழம்பை எப்படிக் காய்ச்சுவான் என்று நடுவில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவனறியாமல் ஊதுகுழலை வாயருகே கொண்டுவந்து, “இப்ப ஊதுங்கோ, அடிவரைக்கும்” என்றார். நெஞ்சு நிமிர நேரம் இருக்கவில்லை. சும்மா கதைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் மூச்சு வந்தது.

ஐந்து. ஆறு. ஒன்பது. ஒன்றரை மணித்தியாலத்தில் பத்தொன்பது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் கையசைத்து வாசிக்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்தில் முப்பத்தெட்டு. தம்பி வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்தான்; இம்முறை வலியும் எண்ணும் ஒன்றாக ஏறின. கடைசி ஊதலில் அறுபத்தொன்று.

மிஸ் கைதட்டவில்லை. கருவியைத் தம்பியின் கையில் வைத்து, அவனே பார்க்கும்படி விட்டார்.

பால்சீனி அவனுக்குச் சமிக்கவில்லை. கூட்டாளி இருந்த காலமெல்லாம் பாலில்லாத பிளேன்ரீ குடித்தவனுக்கு, பயம் தெளிவதற்காக உம்மா நாளும் ஊட்டிய பால்தான் குடலுக்குள் கந்தூரி நடத்தியிருக்கிறது. எங்கள் அன்பின் அளவு கூடக்கூட நோயும் கூடியிருக்கிறது.

தம்பி கருவியை மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு கேட்டான். “அப்ப எனக்குப் பயம் இல்லையா மிஸ்?”

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“அது எனக்குத் தெரியாது தம்பி. பயமும் இருக்கலாம். கூட்டாளி போன கடல்தானே. பயத்துக்கு இந்த மெசினில எண் இல்லை. வயிறு வேற, பயம் வேற. ரெண்டையும் ஒண்டாக்கி எழுதினதுதான் பிழை.”

அவன் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். பாலை நிறுத்திய பத்தாம் நாள் வயிற்று வீக்கம் வடிந்தது. அடுத்த மாதம் கண்ணாடியையும் துடுப்புகளையும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினான். அன்று அவன் மேலே வரும்வரை வள்ளத்தில் எல்லாரும் குனிந்து நீரையே பார்த்திருந்தார்கள் என்று பின்னர் சொன்னார்கள். பயம் இருந்ததா என்று நான் கேட்டேன். “இருந்தது. அதுவும் என்னோட இறங்கினது” என்றான்.

கையெழுத்திட்ட அறிக்கையொன்றைத் திரும்பப் பெற்றதற்காக மிஸ்ஸிடம் நிலையத்தார் விளக்கக் கடிதம் கேட்டார்கள். தமிழைத் திருத்தித் தரும்படி அவர் அதை என்னிடம் கொண்டுவந்தார். நான்கு பக்கம், நடுவில் ஒரு நெஞ்சின் படம். திருத்துவதற்கு அதிகம் இருக்கவில்லை. இறுதியில், ‘இப்பிழையைக் கண்டுபிடித்தமையையிட்டு மிகவும் மகிழ்ச்சியடைகின்றேன்’ என்று இருந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிடும்படி நான் மன்றாடினேன். ‘வருந்துகின்றேன்’ என்று போட்டால் வேலை பறிபோகாது என்றேன்.

“அக்கா, நான் வருந்தேல்லையே” என்றார். பிறகு என் பேனாவை வாங்கி, தம் பையிலிருந்த ஒழுங்குத் தாளை எடுத்து, என் மேசையிலேயே வைத்துப் பதினோராவது வரியை எழுதினார். கடிதத்தை மாற்றாமலே கொண்டுபோனார். சில மாதங்களுக்குப் பின், ஒருவருக்குத் துணையாக அங்கே போனபோது பின்னறை பூட்டியிருந்தது. கருவி அலுமாரிக்குள் இருக்கிறது, ஊதுற மிஸ் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றார்கள்.

சென்ற வருடம், என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவரை வவுனியாவில் ஒரு வைத்திய நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அவருக்கும் வயிறு, அவருக்கும் மூச்சுச் சோதனை. அங்கிருந்த இளம் தாதி ஒரு தாளை நீட்டினாள். முழுவதும் அச்சில் இருந்தது. ஒன்பதாம், பத்தாம் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். ‘கண்ணை மூடி யோசிப்பதாகச் சொல்லவும் வேண்டாம்.’ ‘நன்மை எடுத்தால் கேளாமலே சொல்லலாம்.’

நான் அடுத்த வரியில் நிற்பதைத் தாதி கண்டாள். “பதினொண்டை விடுங்கோ அக்கா. ‘சங்கு குளிப்பவர்கள் கடலில் இறங்கப்போவதுபோல் மூச்சு வாங்க வேண்டாம்.’ இந்தத் தாள் தந்த மிஸ் இஞ்ச ஒரு வருசம்தான் இருந்தவ. இப்ப எங்க எண்டு தெரியாது. ஒரு வரியும் எடுக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போனவ. கடலே இல்லாத ஊரில ஆர் சங்கு குளிக்கிறது?”

“என்ர தம்பி” என்றேன்.

அவள் தாளை மீண்டும் ஒருமுறை பார்த்தாள். நான் வாசிப்பை நிறுத்தவில்லை. ஏனெனில் தாள் பதினொன்றோடு முடியவில்லை. பன்னிரண்டு இருந்தது. பதின்மூன்று, ‘கோவிலில் நாதஸ்வரம் வாசிப்பவர்கள் கன்னத்தில் பிடித்த காற்றை ஊத வேண்டாம், நெஞ்சிலிருந்து ஊதவும்’ என்றது. அப்படியே பத்தொன்பது வரை போயிற்று. எட்டுப் புதிய வரிகள், எட்டுச் சொந்தக்காரர்கள். எங்களை விட்டுப் போன பிறகு அவர் எட்டுத் தடவை எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்.